ஆஷா பணியாளரும் தொண்டு வாதமும்

சமுதாய சுகாதாரப் பணியாளர் தொண்டராகவே இருக்க வேண்டும், மாதச் சம்பளமும் முறையான பயிற்சியும் பதவி உயர்வும் கொடுத்து அவரை ஒரு தொழில்முறைப் பணியாளராக ஆக்கினால் ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு அறுந்துபோகும் என்னும் கருத்து இந்தியப் பொதுச் சுகாதாரத் துறையில் ஆழ வேரூன்றியிருக்கிறது. 2005 ஏப்ரல் 12 அன்று தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஆஷா என்னும் ஏற்பாட்டை இக்கருத்தின் மேல்தான் எழுப்பியது. ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அந்த ஊரிலேயே வாழ்கிற, 25 முதல் 45 வயதுக்கு உட்பட்ட, மணமான அல்லது கணவரை இழந்த அல்லது மணமுறிவு பெற்ற பெண்ணைத் தேர்ந்தெடுப்பது; அவருக்குச் சம்பளமோ மதிப்பூதியமோ தராமல், முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஊக்கத்தொகை தருவது; அவருடைய வழக்கமான பிழைப்புக்கு இடையூறு வராத அளவில் வேலையை வகுப்பது என்று அன்றைய வழிகாட்டி நெறிமுறைகள் வரையறுத்தன. இன்று நாடெங்கும் பத்து லட்சத்துக்கும் கூடுதலான பெண்கள் இந்த வரையறைக்குள் உழைக்கிறார்கள்.

இந்தத் தொண்டு வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே முறை. அது வெறும் சிக்கன வாதம் அன்று. அதற்கு மதிக்கத்தக்க பின்புலம் உண்டு. மக்களின் நலவாழ்வில் மக்களே பங்கேற்க வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு அல்மா-அட்டா மாநாடு அறிவித்தது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் வட்டாரத்தில் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970இல் தொடங்கிய பணியில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலரே கிராம சுகாதாரப் பணியாளர்களாக உருவாகித் தம் ஊர்களின் நலவாழ்வை மாற்றினார்கள். சத்தீஸ்கரில் 2002இல் தொடங்கிய மிதானின் திட்டம், பணியாளரை அரசின் கடைசிக் கையாக அல்லாமல் குடியிருப்பின் தோழியாகவும் உரிமைக்குரலாகவும் கண்டது. இவற்றோடு, நடுவண் அரசு 1977இல் தொடங்கிய சமுதாய சுகாதாரப் பணியாளர் திட்டத்தின் வீழ்ச்சியையும் சேர்த்து, ஊதியம் நுழைந்தால் சேவை வெளியேறும், பணியாளர் மேலதிகாரிக்கு அஞ்சுவாரே தவிர ஊருக்குப் பதில் சொல்ல மாட்டார் என்று தொண்டு வாதிகள் முடிவு கட்டுகிறார்கள். ஊருக்குப் பதில் சொல்லும் பணியாளர் வேண்டும் என்ற அவர்களுடைய நோக்கம் சரியானது. அதற்கு அவர்கள் காட்டும் வழி தவறானது, வரலாற்றுக்கும் நடப்புக்கும் முரணானது.

1. 1977ஆம் ஆண்டுத் திட்டம் சம்பளத்தால் வீழ்ந்ததா? அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று நடுவண் அரசு தொடங்கிய சமுதாய சுகாதாரப் பணியாளர் திட்டத்தில், ஆயிரம் பேருக்கு ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, மூன்று மாதப் பயிற்சி பெற்று, மாதம் 50 ரூபாய் பெற்றார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அந்த 50 ரூபாயில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஆனால் ஊர்ப் பெரியதனக்காரர்கள் தமக்கு வேண்டியவருக்குப் பெற்றுத் தரும் சலுகையாக இருக்க அது போதுமானதாக இருந்தது. தேர்வு செல்வாக்குள்ளோர் கைக்குப் போயிற்று, மேற்பார்வை பெயரளவில் நின்றது, மருந்து வழங்கல் சீராக நடக்கவில்லை. திட்டத்தின் பெயர் முதலில் சுகாதாரத் தொண்டர் என்றும் பின்னர் கிராம சுகாதார வழிகாட்டி என்றும் மாற்றப்பட்டதே தவிர, இந்தக் குறைகளில் ஒன்றும் களையப்படவில்லை. அரைகுறை ஊதியமும் அரைகுறைப் பயிற்சியும் தோற்றதற்கான சான்றை முழு ஊதியத்துக்கும் முழுப் பயிற்சிக்கும் எதிரான சான்றாகக் காட்டுவது தருக்கப் பிழை. ஜாம்கேட் எடுத்துக்காட்டும் தொண்டு வாதிகள் எண்ணுகிற பக்கம் நிற்கவில்லை. அங்கே பெண்கள் வாராவாரம் மையத்துக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் கற்றார்கள். அவர்கள் அனுப்பிய நோயாளியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை ஒன்று பின்னால் இருந்தது. அந்த வாராந்தரக் கல்வியையும் மருத்துவமனையையும் விட்டுவிட்டு, சம்பளமின்மையை மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டவர்கள் ஜாம்கேட்டைப் பின்பற்றியவர்கள் ஆகமாட்டார்கள்.

2. ஊதியம் சேவை உணர்வைக் கெடுக்கும் என்றால் அந்த விதி ஏன் ஒருவருக்கு மட்டும் பொருந்துகிறது? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சம்பளம் வாங்குகிறார், செவிலியர் வாங்குகிறார், மாவட்டத் திட்ட மேலாளர் வாங்குகிறார், ஆஷா பணியாளரின் சேவை மனப்பான்மை குறித்து அறிக்கை எழுதும் ஆலோசகரும் வாங்குகிறார். இவர்களுள் எவருடைய நேர்மையையும் சம்பளம் அரித்துவிடும் என்று யாரும் அஞ்சுவதில்லை. வரிசையின் கடைசியில், மிகக் குறைந்த வருவாயுடைய குடும்பத்திலிருந்து வரும் பெண்ணிடம் வந்ததும் அந்த அச்சம் பிறக்கிறது.

அதைவிட அடிப்படையான பிழை ஒன்று உண்டு. ஆஷா பணியாளருக்குப் பணம் தரலாமா என்பது 2005இலேயே முடிந்துபோன கேள்வி. பணம் தரப்படுகிறது, அதுவும் எண்ணிக்கைக் கூலியாக. ஊரகப் பகுதியில் ஒரு கர்ப்பிணியின் பரிசோதனைகளையும் மருத்துவமனைப் பிரசவத்தையும் உறுதிசெய்தால் 600 ரூபாய்; பிறந்த குழந்தையை ஆறு முறை வீட்டுக்குச் சென்று பார்த்து முடித்தால் 250 ரூபாய்; முப்பது வயதைக் கடந்தவருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களின் அபாயத்தைக் கணிக்கும் படிவம் ஒன்றை நிரப்பினால் 10 ரூபாய். பதிவேடு எழுதுதல், கூட்டத்துக்குச் செல்லுதல் முதலிய வழக்கமான வேலைகளுக்கு நடுவண் அரசு தரும் தொகை 2018இல் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகவும், 2025இல் 3,500 ஆகவும் உயர்ந்தது. சேவை உணர்வைப் பணம் கெடுக்கும் என்று உண்மையாகவே நம்புகிறவர் முதலில் எதிர்க்க வேண்டியது இந்த எண்ணிக்கைக் கூலியைத்தான். ஏனெனில் கர்ப்பிணியைத் தலைக்கு இவ்வளவு என்று பார்க்கத் தூண்டுவது மாதச் சம்பளம் அன்று.

எண்ணிக்கைக் கூலியின் விளைவுகளைத் தொடர்ந்து பார்த்தால் அதன் அபத்தம் தெளிவாகும். கணவன் அடித்துத் துரத்திய பெண்ணோடு இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பதற்கு விலைப்பட்டியலில் இடமில்லை. தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் இளைஞனைப் பேசிப் பேசி மாவட்ட மருத்துவமனை வரை கூட்டிச் செல்வதற்கும், குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பதைக் கண்டுபிடித்து ஊராட்சியில் போய்ச் சண்டையிடுவதற்கும் இடமில்லை. ஊரின் உண்மையான தேவை எதுவோ அதைச் செய்யும் பணியாளர் குறைவாகச் சம்பாதிக்கிறார். பட்டியலில் உள்ளதை மட்டும் செய்பவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். இன்னும் கொடுமையான முரண் குழந்தைப்பேற்றில் இருக்கிறது. சிறு குடும்பத்தின் நன்மையை வீடு வீடாக எடுத்துச் சொன்னவர்களில் ஆஷா பணியாளரும் ஒருவர். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை 2.0 ஆகக் குறைந்திருக்கிறது. ஊரில் பிரசவம் குறையக் குறைய, அந்த வெற்றியில் பங்குள்ள பெண்ணின் வருமானமும் குறைகிறது. தன் பணியில் வென்றவருக்குத் தண்டனை விதிக்கும் ஊதிய முறையைத் தொண்டின் பெயரால் காப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறை, வேலையின் கடினம், நேரம், பயிற்சி ஆகியவற்றுக்கு ஏற்ற ஊதியத்தைச் சமுதாய சுகாதாரப் பணியாளருக்குத் தர வேண்டும் என்றும், முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ செயல்சார்ந்த ஊக்கத்தொகையை நம்பியிருக்கும் முறையைக் கைவிட வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அதே நிறுவனம் 2022 மே மாதத்தில் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை வழங்கியபோது நாடே பாராட்டியது. பரிந்துரையை ஏற்கும் பேச்சு மட்டும் எழவில்லை.

3. மறுக்கும் உரிமை இல்லாதவர் எப்படித் தொண்டராவார்? விரும்பினால் செய்வதும் விரும்பாவிட்டால் விலகுவதும் தொண்டின் இலக்கணம். ஆஷா பணியாளரின் வேலைப்பட்டியல் 2005இலிருந்து நீண்டுகொண்டேதான் போகிறது. தாய்சேய் நலமும் தடுப்பூசியும் என்று தொடங்கியது. 2011இல் பிறந்த குழந்தையை வீட்டில் சென்று பேணும் திட்டம் சேர்ந்தது. காசநோயாளிக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக் கண்காணிப்பது, தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, கைபேசிச் செயலியில் தரவேற்றம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2020இல் கொரோனா வந்தபோது, முகக்கவசமே சரியாகக் கிடைக்காத நாட்களில், வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவரைக் குறித்துவர அனுப்பப்பட்டவர்களும் இவர்களே. அந்தக் கூடுதல் வேலைக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய். கூட்டத்துக்கு வராவிட்டால் விளக்கம் கேட்கிறார்கள், இலக்கு எட்டாவிட்டால் கண்டிக்கிறார்கள், தொடர்ந்து குறைந்தால் நீக்குகிறார்கள். கட்டளை, இலக்கு, கண்காணிப்பு, தண்டனை ஆகிய நான்கும் இருக்கும் இடத்தில் இருப்பது வேலையுறவு. கடமை வரும்போது ஊழியர், உரிமை வரும்போது தொண்டர் என்று ஒரே பெண்ணை இருவகையாக நடத்துவதுதான் இன்றைய ஏற்பாடு. இதில் பாலினத்தின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது, நோயாளிக்குத் துணையிருப்பது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் துயரைக் கேட்பது ஆகியவற்றைப் பெண்கள் இயல்பாகவே கூலியில்லாமல் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு வீட்டுக்குள் இருக்கிறது. அரசு அதை அரசாணைக்குள் கொண்டுவந்தது.

4. இது யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய வேலையா? பிறந்த குழந்தையைப் பார்க்க ஒரு பணியாளர் வீட்டுக்குள் நுழைவதிலிருந்து பார்க்கலாம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளே ஒரு முறை கூடுதலாகப் பார்க்க வேண்டும். அவர் முதலில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். வெப்பமானியைக் குழந்தையின் அக்குளில் வைத்துப் படிக்கிறார். துணித் தொட்டிலில் இட்டு, தொங்கு தராசில் எடை பார்க்கிறார். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் ஒரு வகைக் கவனிப்பு, 1,800 கிராமுக்குக் குறைந்தால் வேறு வகை. குழந்தை அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார். எண்ணிக்கை 60ஐத் தொட்டால் மறுபடி எண்ணுகிறார். மறுபடியும் அப்படியே இருந்தாலோ நெஞ்சு உள்வாங்கினாலோ உடனே அனுப்ப வேண்டும். தொப்புளில் சீழ், தோலில் கொப்புளம், துவண்ட கைகால், பால் குடிப்பதை நிறுத்திவிட்ட வாய் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு, மூத்த மாமியாரும் களைத்த தாயும் ஏற்றுக்கொள்ளும்படி பேசி, வண்டிக்கு ஏற்பாடு செய்து, அவர்களைக் கிளப்ப வேண்டும். பிந்திய செயல் முந்தியவற்றைவிடக் கடினமானது. இத்தனையையும் எளிய வேலை என்று சொல்பவர் அந்த ஒரு நிமிடத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தத் திறனுக்கு உயிர்காக்கும் ஆற்றல் உண்டு என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் ஆகிய மருத்துவர்கள் நிறுவிய சர்ச் (SEARCH) அமைப்பு மெய்ப்பித்தது. அங்கே பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனித்து, கிருமித்தொற்று கண்டவற்றுக்கு ஊசிமருந்தும் செலுத்தியதில், பிறந்து 28 நாட்களுக்குள் நிகழும் இறப்பு ஒப்பீட்டுப் பகுதியைவிட மூன்றாம் ஆண்டில் 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அடுத்தடுத்த பயிற்சி இருந்தது, களத்துக்கே வந்து பார்க்கும் மருத்துவர் இருந்தார், செய்த வேலைக்கு ஊதியம் இருந்தது. நாடு முழுவதற்கும் அம்முறையை எடுத்துச் சென்றபோது பணிகள் பட்டியலாகப் போய்ச் சேர்ந்தன, அவற்றைத் தாங்கிய மேற்பார்வை அதே அளவில் போய்ச் சேரவில்லை. முதலாண்டில் 23 நாள் பயிற்சி என்று தொடங்கிய ஆஷா திட்டத்தில் பின்னர் கூடுதல் பயிற்சித் தொகுதிகள் வந்தன. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் தேர்வும் சான்றிதழும் வந்தன. அவை நல்லவையே. ஆனால் அந்தச் சான்றிதழைப் பெற்றவர் அடுத்த நாள் காலையில் அதே வேலைக்கு அதே விலைப்பட்டியலோடு திரும்புகிறார். தொழில்முறை மேம்பாடு என்பது பயிற்சி வகுப்பு மட்டும் ஆகாது. கற்றதைச் செய்துபார்க்கும் அதிகாரம், தவறும்போது திருத்தும் மேற்பார்வையாளர், அனுபவம் கூடக் கூட உயரும் ஊதியம், மேலே ஏறிச் செல்லும் படி ஆகியவை சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். இவற்றில் ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை மறுத்தால், கொடுத்த ஒன்றும் வீணாகிறது. புதிய செயலியை இயக்கக் கற்றுத்தருவதைத் திறன் மேம்பாடு என்று கணக்குக் காட்டும் வழக்கம் இந்த வெறுமையிலிருந்துதான் பிறந்தது.

5. பயிற்சி கூடினால் போலி மருத்துவர் பெருகிவிடுவாராம். போலி மருத்துவர் பெருகுவது, நம்பத்தக்க, பயிற்சி பெற்ற பணியாளர் இல்லாத ஊரிலும், எது வரை போகலாம் என்ற எல்லை யாருக்கும் சொல்லித்தரப்படாத இடத்திலும்தான். எதை நாம் செய்யலாம், எதை உடனே அனுப்ப வேண்டும் என்ற எல்லையைக் கற்றுத் தருவதே முறையான பயிற்சியின் முதற்பாடம். அரைப் பயிற்சியோடு நிறுத்திவிட்டு அத்துமீறலுக்கு அஞ்சுவது தலைகீழான எச்சரிக்கை.

6. சம்பளம் வாங்குபவர் மக்களைவிட்டு விலகிவிடுவார் என்பதற்குச் சான்று எங்கே? தமிழ்நாட்டு வாசகர் இதற்கு விடை தேடி வெளியே போக வேண்டியதில்லை. இங்கே ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே இருக்கிறார்கள். ஏனைய ஊர்களில் இந்தப் பணியின் பெரும்பகுதியைத் தாங்குபவர் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்ற அமைப்பில், முறையான செவிலியப் படிப்பு முடித்து, காலமுறை ஊதியம் பெற்று, பகுதி சுகாதாரச் செவிலியர், சமுதாய சுகாதாரச் செவிலியர் என்று படிப்படியாக உயரும் வாய்ப்போடு பணியாற்றுபவர் அவர். அரசு ஊழியரான காரணத்தால் அவர் ஊருக்கு அந்நியராகிவிட்டாரா? எந்தத் தெருவில் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு இரத்தசோகை, எவர் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்லக்கூடிய செவிலியர்களை இம்மாநிலத்தின் எந்த வட்டாரத்திலும் காணலாம். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுமுறைக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. சாலையும் கல்வியும் மருந்து வழங்கலும் அதில் பங்குடையவை என்பது உண்மை. சம்பளம் வாங்கிய செவிலியரின் பங்கை அதிலிருந்து யாரும் கழித்துவிட முடியாது.

பல நாடுகள் சென்ற திசையும் இதுவே. பிரேசில் 2006இல் அரசியலமைப்பையே திருத்திச் சமுதாய சுகாதார முகவர்களின் பணிக்குச் சட்டத் தகுதி தந்தது. 2022இல் மற்றொரு திருத்தத்தின் மூலம் அவர்களுக்கு இரண்டு குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத ஊதியத்தை உறுதிசெய்தது. எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சியும் அரசுச் சம்பளமும் உடைய பெண்களை நியமித்தது. பாகிஸ்தானில் 1994இல் தொடங்கிய திட்டத்தின் பெண் சுகாதாரப் பணியாளர்கள், பதினைந்து மாதப் பயிற்சி பெற்றும் நெடுங்காலம் ஒப்பந்தத்தில் கிடந்து, வீதியிலும் நீதிமன்றத்திலும் போராடி 2012ஐ அடுத்து நிரந்தரப் பணி பெற்றார்கள். நிரந்தரப் பணி எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. மேற்பார்வை தளர்ந்தால் சம்பளம் வாங்குபவரும் தளர்வார். அதற்கு மருந்து மேற்பார்வையைச் சீர்செய்வதும் கிராம சபைக்கு உண்மையான கேள்வி கேட்கும் அதிகாரம் தருவதும்தான். பசியைக் கண்காணிப்பாளராக வைப்பது ஆகாது.

தமிழ்நாடு இதில் பெருமையோடு நின்றுவிடவும் முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் தன்னார்வலர் என்ற நிலையில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். திட்டம் சிறந்தது, நடக்க முடியாத முதியவருக்கு அது பெரும் வரம். ஆனால் செவிலியருக்குப் படிப்பும் பதவி உயர்வும் தந்து பலன் கண்ட அதே மாநிலம், தொற்றா நோய்க்கான தன் புதிய படையைத் தொண்டு வாதத்தின் மேல் கட்டியிருப்பது கவலைக்குரியது.

7. பணத்துக்கு எங்கே போவது என்பதே கடைசிக் கேள்வி. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பத்து லட்சம் பேருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய். நடுவண் அரசின் ஓராண்டுச் சுகாதார ஒதுக்கீடு 2025-26இலேயே ஒரு லட்சம் கோடியை நெருங்கியது. நடுவண் அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இது. இன்று கொடுபடும் ஊக்கத்தொகை முழுவதையும் இதிலிருந்து கழித்த பிறகு எஞ்சுவதே கூடுதல் செலவு. அந்தத் தொகை சிறிதன்று, தாங்க முடியாததும் அன்று. சம்பளம் தராததால் செலவு மிச்சமாகிவிடவில்லை. அந்தச் செலவை இப்போது பணியாளரின் குடும்பம் ஏற்கிறது, விட்டுப்போன கூலி வேலையாகவும் கைக்காசில் போன ஆட்டோ வாடகையாகவும். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்த கேரள ஆஷா பணியாளர்கள், மாநில அரசு தந்த, அப்போது 7,000 ரூபாயாக இருந்த மாத மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டு மாதக்கணக்கில் போராடினார்கள். நாட்டின் மிகச் சிறந்த சுகாதாரக் குறியீடுகளைக் கொண்ட மாநிலத்தின் பெண்கள் தம் சேவை உணர்வு தேய்ந்துபோனதால் தெருவில் உட்காரவில்லை.

ஆஷாவைப் போலவே திட்டப் பணியாளரான அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பே, 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமர்ந்த அவையில், ஆஷா உள்ளிட்ட திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்றுவரை நிறைவேற்றப்படவில்லை.